பிக்கப்பில் பிசிஎம் போனால்: புதுசா, பழசா, குளோனா, ரிப்பேரா?

வலது இண்டிகேட்டரைப் போட்டால் வைப்பர் ஒரு வீச்சு வீசும். பூட்டிவிட்டு நடந்தால் முதுகுக்குப் பின்னால் உள்விளக்கு தானாக எரியும். காலையில் பேட்டரி காலி. என் பிக்கப் இப்படிச் சாமியாடத் தொடங்கியபோது மூன்று பேரிடம் காட்டினேன். "பிசிஎம்தான், சந்தேகமே இல்லை" என்றார்கள் இருவர். ஒருவர் கம்பெனிப் புதுசு வாங்கச் சொன்னார். இன்னொருவர் அதே மாடல் உடைத்துப் போட்ட வண்டியிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். மூன்றாமவர் மட்டும் கழற்றிப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் அவரைத்தான் நம்பினேன்.

பிசிஎம் (BCM), அதாவது பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்கிற இந்தப் பெட்டி பெரும்பாலும் டேஷ்போர்டுக்கு அடியில், ஓட்டுநர் பக்கம் ஒளிந்திருக்கும். விளக்குகள், கதவுப் பூட்டு, வைப்பர், ஹார்ன், ரிமோட் சாவி என்று என்ஜினுக்கு வெளியே நடக்கும் பாதி வேலை அதன் கையில் இருக்கிறது. அது மனப்பாடமாக வைத்திருக்கும் விஷயங்களும் உண்டு: வண்டியின் அடையாளமான 17 இடங்கள் கொண்ட வின் எண், இந்த வண்டிக்குப் பனி விளக்கு உண்டா, டிரெய்லர் இணைப்பு உண்டா என்கிற பட்டியல், பல மாடல்களில் சாவிகளின் அடையாளமும், தெரியாத சாவிக்கு வண்டியை ஓடவிடாத இம்மொபிலைசரின் ரகசிய எண்ணும், சிலவற்றில் வண்டி ஓடிய தூரத்தின் ஒரு நகல். பெட்டியைக் கழற்றி மாட்டுவது சின்ன வேலை. உள்ளே எழுதியிருப்பது அடுத்த பெட்டிக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் கேள்வி. புதுசு, பழசு, குளோன், ரிப்பேர் என்ற நான்கு வழிகளையும் நான் அதை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

முதலில், குற்றவாளி அதுதானா?

2014 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் மாலிபு, ஜி6, ஆரா மாடல்களில் சுமார் 24 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. பிரேக்கை மிதிக்காமலே பின்விளக்கு எரியும், மிதித்தால் எரியாமலும் போகும். காரணம், பிசிஎம்-இன் கனெக்டரில் பின்கள் நுண்ணிய அளவில் உரசி உரசி உண்டான அரிப்பு. தீர்வாகச் செய்தது கனெக்டரை அசையாமல் இறுக்கி, மின்கடத்தா கிரீஸ் தடவியது. பெட்டியை மாற்றவில்லை. அவை கார்கள்தான், ஆனால் கரடுமுரடான பாதையில் குலுங்கிக்கொண்டே ஓடும் பிக்கப்பில் கனெக்டர் உரசல் குறைவாகவா இருக்கும்?

ஆகவே எதையும் வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஸ்கேனரில் யூ0140 என்று வந்தால் 'பிசிஎம்-உடன் தொடர்பு இல்லை' என்றுதான் பொருள். பிசிஎம் செத்துவிட்டது என்று அந்தப் பிழைக் குறியீடு சொல்லவில்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை வயரான கேன் பஸ் நன்றாக இருந்தால் 60 ஓம் அருகில் காட்டும், ஏனென்றால் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை நெருங்கினால் எங்கோ ஷார்ட். அப்புறம் பெட்டிக்கு வரும் ஒவ்வொரு பவர் வயரையும் எர்த்தையும் பாருங்கள். வெறும் வோல்ட் மட்டும் பார்ப்பது போதாது; நூலாக மெலிந்த வயர்கூட 12 வோல்ட் காட்டும். டெஸ்ட் லாம்பை எரியவிட்டு, சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். எர்த்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஒரு விளக்கு எரியும்போது சம்பந்தமில்லாத இன்னொன்று ஆடுவது மோசமான எர்த்தின் பழைய குணம்.

இதையெல்லாம் தாண்டியும் பெட்டிதான் என்று முடிவானால் மேலே படியுங்கள்.

புதுசு

குழப்பம் குறைந்த வழி இதுதான். கம்பெனியின் சர்வரிலிருந்து உங்கள் வின் எண்ணுக்கான மென்பொருளும் வசதிப் பட்டியலும் நேராக இறங்கும். உத்தரவாதமும் கிடைக்கும். தண்ணீரில் ஊறி உள்ளே பச்சை பூத்துப் போன பெட்டிக்கு வேறு வழி தேடுவது வீண், இதுதான் சரி.

சங்கடங்கள் மூன்று. புதுப் பெட்டி வெறும் சிலேட்டு. அதற்கு மொழி கற்றுக்கொடுக்கும்வரை பல பிக்கப்புகள் ஸ்டார்ட் ஆகாது, எனவே வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போக நேரும். இருக்கும் சாவிகள் எல்லாவற்றையும் கூடவே கொண்டு போக வேண்டும். பழைய ஃபோர்டுகளில் இம்மொபிலைசரை மறுபடி பழக்க இரண்டு சாவி கேட்கும். மூன்றாவது, பதினைந்து இருபது வயதான வண்டிக்குப் பாகமே தயாரிப்பில் இல்லாமல் போகலாம்.

வண்டியைக் கணினியோடு இணைக்கும் ஜே2534 கருவியும் மடிக்கணினியும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாமே என்பார்கள். செய்யலாம்தான். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு இரண்டும் தங்கள் மென்பொருளைக் குறுகிய காலச் சந்தாவுக்குத் தருகின்றன. ஃபோர்டில் ஒவ்வொரு வின் எண்ணுக்கும் தொழிற்சாலையில் எழுதிய வசதிப் பட்டியலை 'ஆஸ் பில்ட்' தரவு என்று பதினறும (ஹெக்ஸ்) எண்களாகவே பார்க்க முடியும். ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் மூலம் அதைத் திரும்ப எழுதுகிறவர்களும் நிறைய. ஆனால் இம்மொபிலைசர் பகுதிக்குப் பெரும்பாலும் தனி அனுமதி வேண்டும். முக்கியமான இன்னொன்று: எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி சரிந்தால் புதுப் பெட்டியும் பாழ். சாதாரண சார்ஜரை மாட்டி ஏமாறாதீர்கள், அதிலிருந்து வரும் மின்சாரம் அலையடிக்கும். சுமார் 13.5 வோல்ட் சீராகத் தரும் பவர் சப்ளை வேண்டும்.

பழசு, அப்படியே மாட்டுவது

நான்கு வழிகளில் எனக்குப் பிடிக்காதது இதுதான். மலிவு என்பதால் எல்லோரும் முதலில் ஓடுவதும் இதற்குத்தான்.

பாக எண் ஒன்றாக இருந்தால் போதும் என்று காயலான் கடையில் சொல்வார்கள். எண் ஒன்றாக இருந்தால் கனெக்டர் பொருந்தும், அவ்வளவுதான். உள்ளே இருப்பது இன்னொரு வண்டியின் நினைவு. அந்த வண்டிக்கு டிரெய்லர் விளக்கு இல்லையென்றால் உங்களுடையதும் எரியாது. அந்த வண்டியின் சாவியைத்தான் அதற்குத் தெரியும். உங்கள் சாவியைப் போட்டால் என்ஜின் ஒரு நொடி உயிர் பெற்று அணையும், அல்லது சுற்றவே சுற்றாது. சில கம்பெனிகளின் பெட்டி ஒரு வின் எண்ணோடு பூட்டிக்கொண்டால் இன்னொன்றை ஏற்காது. ஓடிய தூரம் அதில் பதிந்திருக்கும் மாடல் என்றால் சட்டச் சிக்கலும் கூட வரும். அந்த வண்டி எதற்காக உடைக்கப்பட்டது என்ற கேள்வியும் இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கியதா? பின்களைப் பூதக்கண்ணாடியில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

விதிவிலக்கு பழைய தலைமுறை. 2000-களின் முற்பகுதிச் சில்வராடோ பிக்கப்பில் இருந்த பாஸ்லாக் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு கருவி எதுவும் இல்லாமலே புதிய பெட்டியைப் பழகிக்கொள்ளும்: சாவியை ஆன் செய்து பாதுகாப்பு விளக்கு அணையும்வரை சுமார் 10 நிமிடம் காத்திருப்பது, ஆஃப் செய்து மறுபடி, மொத்தம் மூன்று முறை. அரை மணி நேரப் பொறுமை போதும். அப்படிப்பட்ட வண்டி என்றால் பழசை யோசிக்கலாம்.

குளோன்

அதே வன்பொருள் எண் கொண்ட பழைய பெட்டி ஒன்றை வாங்கி, உங்கள் பெட்டியின் நினைவை எடுத்து அதில் எழுதுவது. தனியாக நிற்கும் ஈப்ராம் என்ற நினைவகச் சிப்பிலிருந்தோ, மைக்ரோகன்ட்ரோலரின் உள்ளிருந்தோ படிப்பார்கள். வேலை சுத்தமாக முடிந்தால் வண்டிக்குப் பெட்டி மாறியதே தெரியாது. சாவி பழக்க வேண்டாம், சர்வர் வேண்டாம், இழுத்துப் போகவும் வேண்டாம்.

இது ஏன் பெரும்பாலும் சாத்தியமாகிறது என்றால், பிசிஎம் சாகும்போது வழக்கமாக முதலில் போவது சுமை தாங்கும் பகுதி: ரிலே, விளக்குகளை ஓட்டும் டிரைவர் சிப், பவர் வரும் இடம். நினைவு அப்படியே இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், பெட்டி சேட்டை செய்யத் தொடங்கும்போதே நினைவைப் படித்து வைத்துவிடுங்கள். முழுக்க எரிந்த பிறகு குளோன் என்ற பேச்சே இல்லை. பழைய பெட்டியை மாற்றுப் பொருளாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

குறையும் உண்டு. வண்டி சில நாள் பெட்டியில்லாமல் நிற்கும். கெட்டுப்போன தரவு இருந்தால் அதுவும் நகலாகும். கைப்பக்குவம் இல்லாதவரிடம் கொடுத்தால் இரண்டு பெட்டியும் போய்விடும். செய்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரே சிப்பை இரண்டு முறை படித்து ஒப்பிட்டுப் பார்ப்பீர்களா? படித்த கோப்பை எனக்குத் தருவீர்களா? தயங்கினால் நடையைக் கட்டுங்கள்.

ரிப்பேர்

ஒரே ஒரு வேலை மட்டும் நின்றிருக்கிறது, மற்றதெல்லாம் சரி என்றால் முதலில் இதைப் பாருங்கள். ஒட்டிக்கொண்ட ரிலே, விரிசல் விட்ட சால்டர், கருகிய டிரைவர் சிப் எல்லாம் கண்ணால் பிடிக்கக்கூடியவை. நினைவு இருந்த இடத்திலேயே இருக்கிறது, எனவே பின்னால் ஒரு தலைவலியும் இல்லை. தண்ணீர் அரிப்பு மட்டும் ஏமாற்றும். மேலே துடைத்தால் பளிச்சென்று ஆகும். பல அடுக்குப் பலகையின் உள்துளைகளில் அது தொடர்ந்து தின்றுகொண்டிருக்கும். ஆறு மாதம் கழித்து அதே சாமியாட்டம்.

பெட்டியைத் தொடாமல் வெளியே ரிலே மாட்டிச் சுற்றி விடுவதும் ஒருவகை ரிப்பேர்தான். கேவலமாக நினைக்க வேண்டாம். 2011 மாடல் கிராண்ட் செரோக்கியிலும் டுராங்கோவிலும் பவர் பெட்டிக்குள் இருந்த எரிபொருள் பம்ப் ரிலே பழுதானபோது கிரைஸ்லரே 2014-இல் திரும்ப அழைத்து வெளி ரிலே மாட்டிக் கொடுத்தது. ஹார்னுக்கோ பனி விளக்குக்கோ நான் தாராளமாகச் சம்மதிப்பேன். பிரேக் விளக்குக்குச் சம்மதிக்க மாட்டேன்.

என் வண்டியில் என்ன நடந்தது?

மூன்றாமவர் கழற்றினார். முன் கண்ணாடியின் மூலையில் சீலன்ட் விட்டுப்போய், மழைத் தண்ணீர் வயர் கட்டு வழியாகவே இறங்கிக் கனெக்டருக்குள் போயிருந்தது. இரண்டு எர்த் பின் பச்சை. பலகையிலும் அரிப்பு இறங்கிவிட்டதால் ரிப்பேர் வேண்டாம் என்றார். தரவு நன்றாகவே படித்தது, குளோன் செய்தோம். மாட்டும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்தோம், பக்கத்திலேயே மஞ்சள் ஏர்பேக் கனெக்டர் இருக்கிறதே. கண்ணாடியை அடைத்து, குழாயில் தண்ணீர் அடித்துப் பார்த்த பிறகுதான் பெட்டி உள்ளே போனது. இல்லையென்றால் அதையும் நனைத்திருப்போம். அன்று இரவு பூட்டிவிட்டு அரை மணி நேரம் கழித்துப் வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்சாரத்தை அளந்தேன். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். 28 காட்டியது.