பேய் பிடிக்கும் மீட்டரும் என் டெஸ்டரும்

காரைக்குடியில் இருபத்தாறு வருடமாக ஒயரிங் வேலை பார்க்கிறேன். அதில் பாதி, பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில். கல்யாணம், முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு என்று வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை திறப்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் எனக்கு போன் வரும். போன தடவை கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீடு. காவல்கார அண்ணன் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, இரண்டாங்கட்டுக்கு மட்டும் நான் வரலை" என்றார். சுவிட்சை அணைத்த பிறகும் அந்த உள்முற்றத்துப் பகுதியில் ஒரு பல்பு விடிய விடிய மினுங்குகிறதாம். அவர் செல்போனைப் பார்த்தேன். நாலு வெள்ளைக்காரர்கள் ஒரு பாழடைந்த ஆஸ்பத்திரிக்குள் பச்சை வெளிச்சத்தில் மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்தார்கள். ராத்திரிக் காவலுக்கு இதைத் துணைக்கு வைத்துக்கொண்டால் பல்பு மினுங்காமல் என்ன செய்யும்?

அந்த வீம்பில்தான் இந்தப் பேய், பறக்கும் தட்டு நிகழ்ச்சிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். பையன் பணம் கட்டி வைத்திருக்கும் ஆப்புகளில், சப்டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் படித்து, மூன்று மாதம். ஒரு எலக்ட்ரீஷியன் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் 'கோஸ்ட் ஹன்டர்ஸ்'. 2004-ல் அமெரிக்காவில் தொடங்கியது. இதன் நாயகர்கள் ஜேசன் ஹாஸும் கிரான்ட் வில்சனும் பகலில் பிளம்பர்கள். இதைக் கேட்டதுமே எனக்குப் பிடித்துப்போனது. ஆரம்ப சீசன்களில் 'தட் தட்' என்று சத்தம் வருகிறது என்று வீட்டுக்காரர் சொன்னால், இவர்கள் முதலில் குழாயைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். கதவு தானாகத் திறந்தால் கீல், நிலை, காற்று என்று வரிசையாகப் பார்ப்பார்கள். வேலை தெரிந்தவன் வீட்டுக்குள் நுழைகிற விதமே வேறு. போகப் போக அந்தத் தட்டிப் பார்க்கும் நேரம் குறைந்து, "கேட்டியா? அது என்ன?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நேரம் கூடிவிட்டது. அங்கேதான் எனக்கு அலுத்தது.

அப்புறம் அந்த மீட்டர். கேடூ மீட்டர் என்று கைக்கடக்கமாக ஒரு பெட்டி. ஐந்து விளக்கு, பச்சையில் தொடங்கி சிவப்பில் முடியும். சிவப்பு எரிந்தால் ஆவி பக்கத்தில் நிற்கிறது என்று அர்த்தமாம். கரண்ட் ஓடும் ஒயரைச் சுற்றி இருக்கும் காந்தப்புலத்தைக் காட்டும் கருவி அது. பழைய வீட்டில் கரண்ட் வரும் பேஸ் ஒயர் ஒரு சுவர் வழியாகவும் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் வேறு சுவர் வழியாகவும் போயிருந்தால் அந்தப் புலம் இன்னும் பரவலாக இருக்கும். செல்போனைப் பக்கத்தில் கொண்டுபோனாலும் துள்ளும். மர ரீப்பரில் ஒயர் ஓட்டி, பீங்கான் கட்அவுட் (பழைய பியூஸ் கட்டை) வைத்த எங்கள் ஊர் வீடு ஒன்றில் அதை நீட்டினால், ஏழு தலைமுறையும் எழுந்து வந்ததாகக் காட்டும். இத்தனை எபிசோடில் ஒரு தடவையாவது மெயினை அணைத்துவிட்டு மறுபடி பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன். நான் பார்த்தவரை யாரும் செய்யவில்லை.

ஸ்பிரிட் பாக்ஸ் என்று இன்னொன்று. ரேடியோ முள்ளை விடாமல் திருகிக்கொண்டே இருக்கும் பெட்டி, அவ்வளவுதான். கோடை பண்பலைக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவே துண்டு துண்டாகக் கேட்குமே, அதில் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு "என் பேரைச் சொல்லுது" என்கிறார்கள்.

'கோஸ்ட் அட்வென்சர்ஸ்' 2008-ல் தொடங்கியது. ஜாக் பேகன்ஸ் என்பவர் ராத்திரி முழுக்க உள்ளே பூட்டிக்கொண்டு, செத்தவர்களை அதட்டிக் கூப்பிடுவார். வா, வந்து என்னைத் தொடு பார்க்கலாம் என்று சவால். படைப்புக்கு வந்திருந்த வீட்டு ஆச்சி, பட்டாலையில் (பெரிய கூடத்தில்) உட்கார்ந்து இதை அண்ணன் போனில் ஐந்து நிமிடம் பார்த்தார்கள். "இதென்ன தம்பி, பெரியவுகளை வாசல்ல நின்னு சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி? ஒரு வாய் சோறு வச்சாகளா, ஒரு சேலை வேட்டி எடுத்து வச்சாகளா?" அன்றைக்கு உள்ளே இறந்தவர்களுக்குப் புதுத்துணி வைத்து, இலை போட்டுப் படைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த நிகழ்ச்சிக்கு இதைவிட நல்ல விமர்சனம் எனக்கு எழுத வராது.

பறக்கும் தட்டுப் பக்கம் வந்தால், 'ஏன்சியன்ட் ஏலியன்ஸ்'. 2010-ல் தொடராகி, சீசன் சீசனாக ஓடுகிறது. கேமராவுக்கு அழகு, கல்லுக்குக் கல் பக்கத்தில் போய்க் காட்டுவார்கள். பொலிவியாவின் பூமா புங்கு கற்களை அப்படிப் பார்க்கத்தான் நான் பார்த்தேன். ஆனால் எல்லாமே கேள்வி. "இதைக் கட்டியது வேற்றுக்கிரகவாசிகளாக இருக்கலாமோ?" கேட்டுவிட்டு விளம்பரம். என் மாமனார் வீட்டில் மூன்று தலைமுறை கொத்தனார்கள். சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, முட்டை வெள்ளைக்கரு கலந்து, கை வலிக்கத் தேய்த்துத்தான் எங்கள் ஊர் வீட்டுச் சுவர் இன்றைக்கும் முகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஆயிரம் வருடம் கழித்து எவனாவது வந்து, இந்தப் பொட்டல் காட்டில் தேக்குத்தூண் ஏது, மேலேயிருந்து இறக்கியதாக இருக்கலாமோ என்பான். பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது ராசா. விமானம் பற்றிய நம் ஊர்ச் சாஸ்திரக் கதைகளையும் இவர்கள் விடுவதில்லை. வைமானிக சாஸ்திரத்தை 1974-லேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்காரர்கள் பிரித்துப் பார்த்து, நூல் இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, அதில் உள்ள எதுவும் பறக்காது என்று எழுதிவிட்டார்கள்.

'ப்ராஜெக்ட் ப்ளூ புக்' 2019-ல் வந்த நாடகம். நடிப்பும் அந்தக் காலத்து கார்களும் நன்றாக இருக்கின்றன. நிஜத்தில் அமெரிக்க விமானப்படை 1969-ல் இந்தப் பெயரில் நடத்திய பறக்கும் தட்டுப் புகார் விசாரணையை மூடியபோது கணக்கு 12,618 புகார். விடை தெரியாதவை 701. மற்றதெல்லாம் நட்சத்திரம், பலூன், விமானம் என்று போய்விட்டது. நாடகத்தில் அந்த 701 மட்டும்தான் நடந்த மாதிரி இருக்கும். சரி, பலூனுக்கு யார் டிவி பார்ப்பார்கள்?

நான் பார்ப்பேன். 1998-ல் விக் டேண்டி என்ற இங்கிலாந்து இன்ஜினியர் எழுதியது ஒன்று உண்டு. அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் பேய் நடமாட்டம் என்று பேச்சு. ஒரு ராத்திரி அவருக்கே ஓரக்கண்ணில் சாம்பல் நிறத்தில் உருவம் தெரிந்திருக்கிறது. மறுநாள், வைஸில் பிடித்து வைத்த கத்திச்சண்டை வாள் தானாக அதிர்வதைக் கண்டு தேடினால், புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் பேன்! காதுக்குக் கேட்காத, சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வு. பேனைச் சரிசெய்ததும் அதிர்வும் போனது, அந்த உணர்வும் போனது. இதை அப்படியே ஒரு மணி நேரம் எடுத்தால் பேயைவிட நன்றாக இருக்கும்.

மொத்தத்தில், 'கோஸ்ட் ஹன்டர்ஸ்' முதல் சில சீசன் ஐந்துக்கு மூன்றரை. 'ப்ளூ புக்' மூன்று. 'ஏன்சியன்ட் ஏலியன்ஸ்' சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் மூன்று, கேட்டால் ஒன்று. 'கோஸ்ட் அட்வென்சர்ஸு'க்கு ஆச்சி சொன்னதுதான்.

அந்த இரண்டாங்கட்டு பல்பா? பேஸில் வர வேண்டிய சுவிட்சை யாரோ நியூட்ரலில் கொடுத்திருந்தார்கள். சுவிட்சை அணைத்தாலும் பல்புவரை பேஸ் உட்கார்ந்திருக்கும். ஈரம் ஏறிய சுவர் வழியாகத் துளி கரண்ட் கசிந்தால் போதும், எல்இடி மினுங்கும். பழைய குண்டு பல்பு என்றால் தெரிந்திருக்காது. பத்து நிமிட வேலை. மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் போன் செய்தார். "தம்பி, அதை அப்படியே விட்டிருக்கலாம். இப்ப அந்தப் பக்கம் ஒரே இருட்டா இருக்கு."