லாஸ்பேட்டை சிமுலேட்டர் சென்டர்: செஸ்னா கேட்டு வாங்குங்க

லாஸ்பேட்டை பக்கம் ஒரு மாடியில இருக்கே ஃப்ளைட் சிமுலேட்டர், உக்காந்த எடத்துலயே ஸ்க்ரீன்ல பிளேன் ஓட்டிப் பாக்கற செட்டப்பு, அதப் பத்திதான், குறையும் சொல்லப் போறதால கடை பேரு போடல. போறவங்க எல்லாம் பெரிய ஜெட்டுதான் கேக்கறாங்க, ஆட்டோபைலட் போட்டுட்டு மேகத்தப் பாத்துட்டு உக்காந்திருக்க எதுக்கு காசு? செஸ்னா 172ன்னு ஒரு குட்டி பிளேன் இருக்கு, அதக் கேளுங்க. ஒத்த எஞ்சின், நாலு சீட்டு, 1956லேர்ந்து வர்ற மாடல்.

என் மச்சான் மொதல்ல நம்ம பாண்டி ரன்வேலயே எறக்குனான், 1500 மீட்டர், ஏடிஆர்ங்கற ப்ரொப்பெல்லர் வெச்ச பயணிகள் பிளேனே எறங்கற எடம், தாராளமா நின்னுடுச்சு. உடனே ட்ரெயினர் சிரிச்சுகிட்டே ஒரு பிரைவேட் ஸ்ட்ரிப்ப, அதாவது தனியார் ஓடுதளத்த, போட்டாரு பாருங்க, 500 மீட்டர் புல்லுத்தரை, ரெண்டு பக்கமும் மரம், கண்ட்ரோல் டவர் கெடையாது, காத்துப் பை ஒண்ணு தொங்குது அவ்ளோதான். 65 நாட் (knot, பிளேன் வேகத்த அளக்கற கணக்கு) வேகத்துல வர வேண்டியத இவன் 80ல வந்தான், பிளேன் தரையத் தொடாம மெதந்துகிட்டே போகுது, பாதி ஸ்ட்ரிப் காலி, பதட்டத்துல யோக்க (பிளேனோட ஸ்டியரிங் மாதிரி) முன்னாடி அமுக்கிட்டான், முன் சக்கரம் டங்குனு அடிச்சு ஓட்டாஞ்சில்லு மாதிரி எகிறி எகிறி கடைசில சக்கரம் ஒடிஞ்சு ப்ரொப்பெல்லர் மண்ணுல. குட்டி பிளேன் லேண்டிங் ஆக்சிடென்ட்னு நியூஸ்ல வர்றதுல பல கேஸு இதே கததானாம்.

அப்புறம் ரீப்ளே ஓட்டி நிறுத்தி நிறுத்தி சொன்னாரு, அதுக்கே காசு சரியாப் போச்சு. ஸ்பீடு 10 பர்சன்ட் கூடுனா எறங்கற தூரம் 20 பர்சன்ட் கூடிடுமாம், பின்னாடிலேர்ந்து காத்து அடிச்சா இன்னும் மோசம், ஈரப் புல்லுன்னா பிரேக்கும் புடிக்காது. மொத துள்ளல்லயே ஃபுல் த்ராட்டில் குடுத்து மேல ஏறி சுத்தி வந்துடணும், கௌரவம் பாத்துகிட்டு எறக்கியே தீருவேன்னு நின்னா அவ்ளோதான்னாரு. மச்சான் மூஞ்சியப் பாக்கணுமே.

குறைன்னா, எடது ரட்டர் பெடல் (மூக்க எடம் வலமா திருப்பக் கால்ல மிதிக்கறது) லொடலொடன்னு ஆடுது, கடல்காத்து பக்கவாட்டுல அடிக்கற மாதிரி வெச்சா மூக்க நேரா வெக்கவே முடியல. சாஃப்ட்வேர் லோடு ஆகற நேரத்தையும் நம்ம டைம்ல கழிக்கறாங்க, கேட்டா சிஸ்டம் அப்படித்தான் சார்ங்கறாங்க, இது டூ மச். ஏசியும் பேருக்குத்தான்.

கடலூர்லேர்ந்து வர்றவங்க வார நாள்ல வாங்க, ஞாயித்துக்கெழம பசங்க கூட்டம் தாங்காது. ஃபோன் போட்டு அந்த ட்ரெயினர் இருக்காரான்னு கேட்டுக்கோங்க, அவரு இல்லாத நேரம் உக்கார்ற பையன் ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு மொபைல நோண்டப் போயிடுவான்.