வீட்டுக்கு ஒரு நடராஜர்: பழையதை வாங்குவதா, புதிதாக வார்ப்பதா?

புது வீடு கட்டி முடித்திருக்கும் என் அத்தை மகன் போன மாதம் போனில் கேட்டான். "அண்ணே, கூடத்துல வைக்க ஒரு நடராஜர் எடுக்கணும். பழசு ஒண்ணு வருதாம், சோழர் காலத்துதுன்னு சொல்றாங்க. அதை வாங்கலாமா, இல்ல சுவாமிமலைல புதுசா செய்யச் சொல்லலாமா?" கோயில் கோயிலாகப் போய்ச் செப்புத் திருமேனிகளைப் பார்த்து வருவது எனக்கு இருபது வருடப் பழக்கம் என்பதால்தான் என்னிடம் கேட்டான். "பழசைத் தொடாதே" என்று மட்டும் அன்று சொல்லி வைத்துவிட்டேன். அது போதாது. காரணத்தோடு சொல்ல வேண்டிய பதில் இது.

முதலில் சட்டம். பழஞ்சிலையை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 100 வயதுக்குக் குறையாத சிற்பம் தொல்பொருள். அதைத் தனியார் வைத்திருக்கலாம். ஆனால் படத்தோடு பதிவு செய்து சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். கைமாறினால் தெரிவிக்க வேண்டும். விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. மண்ணுக்குள் கிடைத்த சிலை என்றால் அதற்கு 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் தனியாக இருக்கிறது. கண்டெடுத்தவர் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

தாத்தா காலத்திலிருந்து பூஜை அறையில் இருக்கும் சிறிய கிருஷ்ணரோ அம்மனோ வேறு விஷயம். அது 100 வயதைத் தாண்டியிருக்கும் என்று தோன்றினால் பதிவு செய்துவிட்டு நிம்மதியாக வழிபடலாம். என் கவலை, ஒரு தரகர் மூலமாக "வரும்" சிலையைப் பற்றியது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல் என்றேன். "பேப்பர்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று பதில் வந்ததாம். அதற்குப் பிறகு பேசுவதற்கே ஒன்றும் இல்லை.

காகிதம் இருந்தாலும் போதுமா என்றால், அங்கேதான் ஸ்ரீபுரந்தான் கதை வருகிறது. அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் அந்தச் சோழர் காலக் கோயில் வழிபாடு குறைந்து பூட்டிக் கிடந்தது. அங்கே திருடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். அவர் காட்டிய காகிதங்கள், சிலை 1972 சட்டத்துக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போனதாகச் சொல்லின. அத்தனையும் பொய். பொய்யை உடைத்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகக் கோயில்களில் 1950-களிலிருந்து எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள். சிலை 2014-இல் திரும்பி வந்தது. 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. வல்லுநர்களும் வழக்கறிஞர்களும் இருக்கும் ஒரு தேசிய நிறுவனமே ஏமாந்தது என்றால், ஒரு கடையின் பின்னறையில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நாம் என்ன முடிவுக்கு வர முடியும்?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சோழர் காலப் பெரிய திருமேனிகள் யாருடைய கூடத்துக்காகவும் செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கோயிலில் எழுந்தருளச் செய்தது. கொடுத்தவர் யார், எத்தனை முழம், எத்தனை விரல் உயரம் என்றெல்லாம் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அளந்து எழுதியிருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்று விலைக்கு வருகிறது என்றால், ஏதோ ஓர் ஊரில் ஒரு பீடம் காலியாகியிருக்கிறது. பத்தூர் நடராஜர் 1976-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து, லண்டன் வரை போய்விட்டார். அங்கே நடந்த வழக்கில் சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும்கூடச் சாட்சிக்கு வந்தன. கோயிலின் உரிமையை அந்த நாட்டு நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. 1991-இல் சிலை இந்தியா திரும்பியது.

இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வெறும் பொருளாகப் பார்த்தால்கூடப் பழையதை வாங்குவது இருட்டில் கை விடுகிற மாதிரிதான். புதுச் சிலையை அமிலத்தில் நனைத்து, மண்ணில் புதைத்து, பச்சைக் களிம்பு ஏற்றி விற்பது இந்தத் தொழிலில் பழைய வேலை. வட இந்திய, நேபாள வார்ப்புகள் பலவற்றில் உள்ளே களிமண் கரு இருக்கும். அந்த மண்ணைச் சோதித்து வயதைக் கணிக்க வழி உண்டு. நம் ஊர்த் திருமேனிகளோ கனவார்ப்பு, உள்ளே முழுக்க உலோகம். சோதிக்க மண் கிடையாது. உலோகத்தில் உள்ள ஈயத்தின் ஐசோடோப்பு விகிதத்தை வைத்து எந்தக் காலத்து வகை என்று பிரித்துப் பார்க்கும் ஆய்வு நடந்திருக்கிறது. ஆனால் அது ஆய்வகத்தில் செய்கிற வேலை. வாங்குகிறவனுக்குக் கிடைப்பது விற்கிறவரின் வாய்வார்த்தைதான். பல வருடத்துக்கு முன்பு நானே ஒரு கடையில் "நாயக்கர் காலம்" என்று சொன்ன சின்னத் தீபலட்சுமியை வாங்கினேன். புளி போட்டுத் தேய்த்த மூன்றாம் நாள் அந்தப் பச்சை முழுவதும் தண்ணீரோடு போய்விட்டது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இப்போது சுவாமிமலைக்கு வருவோம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் இருக்கிற ஊர். அந்த ஆற்று வண்டல் மண்தான் இந்தத் தொழிலுக்கு உயிர். ஸ்தபதி முதலில் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துத் தாலக் கணக்கை, அதாவது உடம்பின் அளவு விகிதத்தைக் குறிக்கிறார். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, தொடை இவ்வளவு என்று எல்லாம் அந்த ஓலையில் இருக்கிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் செய்கிறார்கள். அதன்மேல் மிக நைசான வண்டலைப் பூசி நிழலில் உலர்த்துகிறார்கள். பிறகு மேலும் மண் பூச்சு. பெரிய சிலை என்றால் கம்பி கட்டுகிறார்கள். வறட்டி நெருப்பில் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஐம்பொன் என்று சொன்னாலும் பெரும்பகுதி செம்பு, அப்புறம் பித்தளை, ஈயம்; வெள்ளியும் தங்கமும் பேருக்குத்தான்.

ஆறிய பிறகு அச்சை உடைத்தே சிலையை எடுக்க வேண்டும். அதனால் ஒரு வார்ப்புக்கு ஒரு சிலைதான். உளி வேலை அதற்குப் பிறகு வாரக்கணக்கில் நடக்கும். ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து, ஒருவர் நடராஜரின் தூக்கிய திருவடியில் மெட்டியை மட்டும் செதுக்குவதைப் பார்த்தேன். அந்தக் கை பழக்கத்துக்குப் பழைய சிலையைவிட மதிப்புக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை.

அழகில் எது உயர்ந்தது? உண்மையைச் சொன்னால் சோழர் காலத்துச் சிறந்த திருமேனிகளின் இடுப்பு வளைவும் முகத்தின் அமைதியும் இன்றைய வார்ப்புகளில் அபூர்வம். இப்போது ஆபரண வேலை கூடுதல், உடம்பு கொஞ்சம் விறைப்பு. ஆனால் நல்ல ஸ்தபதியிடம் குறிப்பிட்ட ஒரு பழஞ்சிலையின் படத்தைக் கொடுத்து, அதன் நகையை அல்ல, நிற்கும் நிலையைப் பார்க்கச் சொன்னால் வித்தியாசம் தெரிகிறது. அவசரப்படுத்தக் கூடாது. கடையில் தயாராக நிற்பதை எடுப்பதும், சொல்லிச் செய்வதும் ஒன்றல்ல.

"புதுசுல தெய்வாம்சம் இருக்குமா?" என்று அத்தை கேட்டார். சிவபுரம் நடராஜரின் கதையைச் சொன்னேன். 1951-இல் மண்ணிலிருந்து கிடைத்த அந்தச் சிலை பழுது பார்க்கப் போன இடத்தில் மாற்றப்பட்டது. கோயிலுக்குத் திரும்பியது நகல். அசல் அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனிடம் 9 லட்சம் டாலருக்குப் போய், 1986-இல்தான் இந்தியா வந்தது. கோயிலில் இருப்பது நகல் என்று 1965-இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பேரட் சொன்ன பிறகே வெளியே தெரிந்தது. அதுவரை அந்த ஊர் மக்கள் கும்பிட்டது புது வார்ப்பைத்தான். அவர்கள் பக்தியில் எந்தக் குறையும் இருந்திருக்காது. கண் திறந்து, முறைப்படி எழுந்தருளச் செய்தால் அது சாமிதான். அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆன்டிக் ஃபினிஷ் பித்தளைச் சிலைகளை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. விலை குறைவு, முகம் எல்லாம் ஒரே மாதிரி. கல் வேண்டுமென்றால் மாமல்லபுரத்தில் நல்ல கருங்கல் வேலை கிடைக்கும். அது தோட்டத்துக்கோ வாசலுக்கோ சரி, மாடி வீட்டுக் கூடத்துக்குக் கனம் தாங்காது.

பழையதன் மேல் இருக்கும் ஆசைக்கு வடிகாலே இல்லையா? இருக்கிறது. தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர், காளைமேல் கை சாய்த்த சிவன், நிற்கிறார். காளை இல்லை. கை சாய்ந்திருக்கும் இடத்தில் வெறும் காற்று. ஆனாலும் அந்தக் கையைப் பார்த்தால் காளை அங்கே நிற்பது தெரியும். கோயிலில் உற்சவர் பட்டுக்கும் மாலைக்கும் உள்ளே மறைந்திருப்பார். ஸ்தபதியின் கை எங்கே வளைந்தது என்பதைப் பார்க்க அருங்காட்சியகம்தான் இடம்.

கடைசியாக அத்தை மகனுக்குச் சொன்னது இதுதான்: சுவாமிமலையில் ஒன்றரை அடி உயரத்தில் செய்யச் சொல். பில்லையும் வேலை நடக்கும்போது எடுத்த படங்களையும் பத்திரமாக வை. நாளைக்குத் துபாயில் இருக்கும் உன் தங்கைக்கு அனுப்ப நினைத்தால், இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்க அது உதவும். தை பிறந்ததும் இருவரும் போகிறோம். அதற்கு முன்னால் அவனை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். அங்கே இருக்கும் திருவாலங்காட்டு நடராஜருக்குச் சுற்றிலும் இருக்கும் தீ வளையமான திருவாசி இல்லை, விரிசடையும் இல்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் படங்களை மட்டும் பார்த்து மயங்கி எழுதியது அவரைப் பற்றித்தான். ஒரு மணி நேரமாவது அவர் முன்னால் நின்றுவிட்டு வந்தால், ஸ்தபதியிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவனுக்கே தெரிந்துவிடும்.