உப்புக்காற்று வீட்டுக்கு டிவியா, ப்ரொஜெக்டரா?

புது வீட்டுக்கு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் எல்லாம் முடிவான பிறகும் இழுபறியாக நிற்பது ஒன்று உண்டு. ஹாலில் 55 இன்ச் டிவி மாட்டுவதா, 100 இன்ச் படம் விழும் ப்ரொஜெக்டர் வைப்பதா? வரியில் பேதம் கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிக்கும் ப்ரொஜெக்டருக்கும் ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. ஊரிலும் பேதமில்லை. ஒரு காலத்தில் கடலூர்க்காரர்கள் பாண்டிக்கு பஸ் ஏறிப் போய் டிவி வாங்கியதில் காசு மிஞ்சியது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி வந்து இரு ஊர் வரியும் ஒன்றான பிறகு அந்தக் கணக்கு செல்லாது. பாண்டி நேரு வீதியில் வாங்கினாலும் கடலூர் லாரன்ஸ் ரோட்டில் வாங்கினாலும், சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடு என்றால் டிவிதான் என்பது இந்த அலசலின் கட்சி. வைத்திக்குப்பம், முத்தியால்பேட்டை, தேவனாம்பட்டினம் எல்லாம் இதில் அடக்கம்.

ப்ரொஜெக்டரின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 100 இன்ச் படம் என்பது 221 செ.மீ. அகலம், 125 செ.மீ. உயரம்; 55 இன்ச் டிவியைப்போல் மூணே கால் மடங்கு பரப்பு. அறையை முழுசாக இருட்டாக்கினால் 500 ஆன்சி லூமென்ஸே (ப்ரொஜெக்டர் ஒளியைத் தர முறைப்படி அளந்த எண்) போதும். அது 100 இன்ச்சில் 55 நிட்ஸ் (திரைப் பிரகாசத்தின் அளவு) சொச்சம் வெளிச்சம் தரும்; தியேட்டர் திரைக்கு வகுத்திருக்கும் அளவே 48 நிட்ஸ்தான். ஆனால் பகலில் ஜன்னல் திறந்திருந்தால் படம் சோகை பிடித்து வெளிறிவிடும். பெட்டியில் வெறுமனே ‘9000 லூமென்ஸ்’ என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள், ஆன்சி எண்ணைக் கேளுங்கள். ‘4கே சப்போர்ட்’ என்பதும் அப்படித்தான்: 4கே வீடியோவை வாங்கிக்கொள்ளும், காட்டுவது அதன் நேட்டிவ் ரெசல்யூஷனில், அதாவது அதற்கே உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையில்தான். சைடில் வைத்து, கோணலாக விழும் படத்தைச் சரிசெய்யும் கீஸ்டோன் வசதியால் நேராக்கினால் அதிலும் கொஞ்சம் கூர்மை போகும்.

இனி உப்புச் சங்கதி. மழை நாளில் அடுக்களைக் கல்லுப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் கோத்து நிற்குமே, அதைப் பாருங்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நம் பக்கத்தில் ராத்திரி நேரத்தில் ஈரப்பதம் அந்தக் கோட்டைத் தாண்டுவது சகஜம். சர்க்யூட் போர்டில் படிந்த உப்புத்தூளும் அதையேதான் செய்யும்: ஈரமாகி, செம்பை அரித்து, பச்சைப் பாசி மாதிரி பூக்கும்.

ப்ரொஜெக்டர் தோற்பது இங்கேதான். அது ஃபேன் வைத்து அறைக் காற்றை உள்ளே இழுத்து, போர்டு மீதும் லைட் மீதும் ஓட்டி வெளியே தள்ளுகிற பொருள். ஓடுகிற ஒவ்வொரு மணி நேரமும் கடல் காற்றைக் குடிக்கிறது. டிவிக்குப் பெரும்பாலும் ஃபேன் கிடையாது. பின்பக்கத் துளைகள் வழியே காற்று மெதுவாக ஏறிப் போகும், அவ்வளவுதான். ஆப்டிகல் பகுதி சீல் செய்யப்படாத சின்ன ப்ரொஜெக்டர்களில் தூசி உள்ளே படத்தை உருவாக்கும் எல்சிடி மேல் உட்கார்ந்தால், இருட்டு சீனில் சாம்பல் நிறத் திட்டாகத் தெரியும். அதை எடுக்க முழுசாகப் பிரிக்க வேண்டும். டிவி மெக்கானிக் பலர் கை வைக்கத் தயங்குவார்கள். லென்ஸில் பூஞ்சை பிடிப்பது வேறு. லாம்ப் மாடல் என்றால் 3000 முதல் 5000 மணி நேரத்தில் லாம்ப் மாற்றும் செலவும் சேரும். லேசர் மாடலில் அந்தச் செலவில்லை, 20,000 மணி நேரம் என்கிறார்கள். கடலோர வீடுகளில் பல வருஷம் ஓடியவை இன்னும் குறைவு என்பதால் அதற்கு அழுத்திச் சாட்சி சொல்ல முடியாது.

டிவியும் சாகாவரம் வாங்கி வந்ததில்லை. செங்குத்துக் கோடு விழுந்த பேனல்களில் ஒரு பங்கு, வீட்டார் கையாலேயே கெட்டவை. ஸ்ப்ரேயைத் திரையில் நேராக அடித்தால் நீர் கீழ் விளிம்புக்கு வழிந்து, பேனலையும் போர்டையும் இணைக்கும் மெல்லிய ஃபிலிமில் இறங்கும். மைக்ரோஃபைபர் துணியை லேசாக நனைத்து, பிழிந்து, மேலிருந்து கீழே துடையுங்கள். பேனல் போனால் புது டிவி விலையில் பாதிக்கு மேல் கேட்பார்கள், அதனால் எக்ஸ்டெண்டட் வாரண்டியில் பேனல் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரெதிர்ச் சுவரைத் தவிருங்கள்.

மாட்டுவதில் ஒரு வில்லங்கம். பாண்டியின் பழைய சுண்ணாம்புச் சுவரில் சாதாரண ப்ளாஸ்டிக் ப்ளக் பிடிக்காது. பூச்சு உதிர்ந்து துளை பெரிதாகும். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கும் நீள ஆங்கர் வேண்டும், ஸ்க்ரூ எவர்சில்வரில். உட்கார்ந்த கண் மட்டத்துக்குத் திரையின் நடு வர வேண்டும், தரையிலிருந்து மூன்றரை அடி. தண்ணீர் ஏறுகிற தெரு என்றால் டிவியைத் தாழ்வான ஸ்டாண்டில் வைக்கவே வேண்டாம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையைப் பார்த்த தெருக்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ப்ளக் பாயிண்ட்டும் டிவி உயரத்திலேயே இருக்கட்டும்.

வில்லியனூர், நெல்லிக்குப்பம் பக்கம் உள்ளடங்கிய வீடு, இருட்டாக்க முடிகிற தனி அறை, வாரம் ஒரு படம் என்றால் ப்ரொஜெக்டருக்குத் தடை சொல்வதற்கில்லை. படம் முடிந்ததும் ஃபேன் நின்று சூடு ஆறியபின் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள். ஸ்பீக்கரை ப்ளூடூத்தில் இல்லாமல் கேபிளில் இணைத்தால் உதடும் குரலும் விலகாது.

‘பெரிய திரை வேண்டும்’ என்ற ஆசைக்கு மட்டும் என்றால் தியேட்டர் இருக்கிறது. தமிழ்ப் படம் பெரும்பாலும் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுவதால், வருஷத்துக்கு ஐந்தாறு படம் தியேட்டரில், மற்றது வீட்டில் என்று பிரிக்கலாம். 75 இன்ச்சுக்கு ஆசைப்படாமல் 55-ல் நின்றால் அந்த மிச்சமே டிக்கெட்டுக்குப் போதும். நூறு ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. சீட் எடுக்கும்போது திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி உள்ள வரிசையில் நடு சீட்டாகப் பாருங்கள். சவுண்டை அந்தப் பகுதியை வைத்துத்தான் சரி செய்திருப்பார்கள்.