பெல்ட் சுஷியா, கவுன்ட்டர் சுஷியா?

பெருநகரத்துக்குப் போன இடத்தில் ஒரே ஒரு வேளை சுஷி, அதாவது சோற்றோடு பச்சை மீன் போன்றவை சேர்த்த ஜப்பானிய உணவு. தட்டுகள் பெல்ட்டில் சுற்றிவரும் கடையா, சமையல்காரர் கண்முன்னே பிடித்துத் தரும் கவுன்ட்டரா?

செலவு: பெல்ட் கடையில் பெரும்பாலும் தட்டின் நிறம்தான் விலை, காலித் தட்டுகளை எண்ணி பில் போடுவார்கள். கவுன்ட்டரில் பல இடங்களில் ஒமகாசே முறை, என்ன தருவது என்பது சமையல்காரர் முடிவு. பில் பல மடங்கு.

ருசி: கவுன்ட்டர்தான், சந்தேகமே இல்லை. சோறு இளஞ்சூடாக இருக்கும், சோயா சாஸையும் அவரே தடவித் தருவார். வைத்த உடனே வாயில் போட வேண்டும். பெல்ட்டில் ரொம்ப நேரம் சுற்றிய மீனின் ஓரம் காய்ந்துவிடும். அங்கே புதிதாகப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

நேரம்: பெல்ட்டில் அரை மணி போதும்.

குழந்தைகள் கூட இருந்தால், பச்சை மீன் பழக்கமில்லை என்றால் பெல்ட். முட்டை, வெள்ளரி சுஷியும் வரும். மீன் பிரியரா, மாலை முழுக்க ஓய்வா? சரி, கவுன்ட்டர். ஒவ்வாமை ஏதாவது இருந்தால் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள்.