பெரியம்மாவுக்கு இடம் பார்க்கப் போய் நான் விழுந்த கதை

விழுந்தது நான்தான். பெரியம்மாவுக்காகப் பார்க்கப் போன முதியோர் இல்லத்துக் குளியலறையில், அதன் முதலாளிக்கு முன்னாலேயே சறுக்கி விழுந்தேன். லண்டனுக்குத் திரும்பிப் பத்து நாளாகியும் இடுப்பு நோகிறது.

யாழ்ப்பாண நகரத்தை ஒட்டிய புது மேல்மாடி வீடு. கேற்றைத் திறந்தால் பிள்ளையார், உள்ளே ஏசி, சுவரளவு ரீவி. "எல்லாம் இந்தியா மாபிள் தம்பி" என்று முதலாளி நாலு தரமாவது சொல்லியிருப்பார். காசையும் பவுண்ஸில்தான் சொன்னார்; என்னுடைய பேச்சில் என்ன கண்டாரோ தெரியாது. சாமியறை காட்டினார், மொட்டை மாடியில் பூச்சாடி காட்டினார். குளியலறையைக் கேட்டதும், "அது நல்ல சுத்தம்" என்று தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார்.

நான் கேளாமல் உள்ளே போனேன். அங்கேயும் அதே மாபிள், கண்ணாடி மாதிரி. யாரோ குளித்த தண்ணீர் சவர்க்காரத்தோடு தேங்கி நின்றது. இரண்டாவது அடியிலேயே கால் போய்விட்டது. எட்டிப் பிடித்தது துவாய் போடுகிற பிளாஸ்டிக் கம்பியை. கம்பியும் நானும் ஒன்றாகத்தான் கீழே வந்தோம்.

"செருப்போட போயிருக்கலாமே தம்பி."

86 வயது மனிசி இரவு இரண்டு மணிக்கு அவசரத்துக்கு எழும்பினால் செருப்பைத் தேடிக்கொண்டா நிற்பார்? அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதே இல்லை. எங்கள் பழைய வீட்டுக் கிணற்றடி வெறும் சொரசொரச் சீமெந்து. பாசி பிடித்தால் அப்பு தும்புத்தடியால் உரஞ்சுவார். அங்கே ஒருவரும் விழுந்ததாக ஞாபகம் இல்லை.

பதிவுப் பத்திரம் கேட்டேன். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தில் முதியோர் இல்லங்களின் பதிவைப் பற்றி இருக்கிறது. அவர் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து காட்டியது வியாபாரப் பதிவு! இங்கிலாந்தில் பரிசோதகர் கொடுத்த தரத்தை 2015இலிருந்து ஆட்கள் பார்க்கிற இடத்தில் ஒட்டியே ஆகவேண்டும். சரி, எங்கள் தெரு முனையில் இருக்கிற இல்லத்தில் 'முன்னேற்றம் தேவை' என்று ஒட்டியிருக்கிறது. அங்கே தமிழில் ஒரு சொல் கதைக்க ஆளில்லை, சொதிக்கு எங்கே போவது?

வீட்டுக்கு வந்தால் மச்சாளின் முகம் சரியில்லை. எங்கள் சனத்துக்கு முதியோர் இல்லம் என்றால் கைதடி அரச இல்லம்தான் நினைவில் வரும். "பெரியம்மாவைக் கைதடியில விட்டுட்டு லண்டன் போறான் எண்டு ஊர் சொல்லப்போகுது" என்றா. ஊரிலே யார் இரவில் வந்து அவவைத் தூக்கப்போகினம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அடுத்த நாள் முழுக்கக் கதையில்லை.

கோண்டாவில் பக்கம் ஒரு வீடு இருக்கிறதென்று சொன்னது ஓட்டோக்காரத் தம்பி. பழைய நாற்சார் வீடு, ஏழு பேர். ரீவி சின்னது, அதுவும் நிறுத்திக் கிடந்தது. நான் நேரே குளியலறைக்குப் போனேன், இந்த முறை சுவரைப் பிடித்தபடி. சொரசொரச் சீமெந்து. கொமட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணிக் குழாய்க் கம்பியை வளைத்துச் சுவரில் இறுக்கியிருந்தார்கள். தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. ஒவ்வொரு கட்டில் சட்டத்திலும் ஒரு சைக்கிள் மணி. விறாந்தையில் படுக்கிற பிள்ளைக்குக் கேட்பதற்காம். வாசல் நிலைக்கு மேலே பெரிதாக 1990 என்று எழுதியிருந்தது. 2018இல் வடக்குக்கும் வந்த இலவச அம்புலன்ஸ் இலக்கம்.

நடத்துகிற அம்மா என்னிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "பெரியம்மாவுக்கு எந்தக் காது கேக்கும்? அந்தப் பக்கம்தானே மணியைக் கட்டவேணும்."

தெரியவில்லை. மச்சாளுக்குப் போன் எடுத்தேன். "வலது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டா.

ஒரு பகல் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினேன். மத்தியானம் புட்டுச் சாப்பிட்டுச் சரிந்தவர், கொஞ்ச நேரத்தில் மணியை அடித்தார். அந்தப் பிள்ளை ஓடி வந்தது. ஒன்றுமில்லை என்றார். திரும்பவும் அடித்தார், திரும்பவும் வந்தது. மூன்றாம் முறை நானே கேட்டேன், என்ன வேணுமென்று.

"ஒண்டுமில்லையடா. வருகினமோ எண்டு பார்த்தனான்."