கச்சான் காற்றுக்கு நின்று பிடிக்குமா இந்த நெற்?

திருகோணமலை நகரத்து ஹாட்வெயார்க் கடையில் "சேட் நெற்", அதாவது வெயில் மறைக்கிற நிழல் வலை, என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் எடுத்துப் போடுவது தட்டைப் பட்டை இழையால் ஆன பச்சை நிறப் பட்டை நெற்தான். 75 வீதம், 80 வீதம் என்பார்கள். கட்டட வேலை நடக்கிற இடத்தில் தூசு மறைக்க அது திறமான சாமான். மரக்கறித் தோட்டத்துக்கு வேண்டாம். வீட்டுத் தோட்டத்துக்கு வாங்க வேண்டியது உருண்டை இழையால் ஆன 50 வீத நூல் நெற். கறுப்போ வெள்ளையோ இருந்தால் நல்லது. பச்சை கண்ணுக்குத்தான் குளிர்ச்சி.

வீதம் என்பது அந்த நெற் மறிக்கிற வெளிச்சம். 50 என்றால் பாதி வெயில் உள்ளே வரும். 50 வீதத்தை இரண்டு மடிப்பாகப் போட்டால் 100 ஆகிவிடாது, 75தான் ஆகும்: பாதியில் பாதி வெயில் இன்னும் இறங்கும். பச்சை மிளகாய், கறிமிளகாய், தக்காளி மூன்றுக்கும் 35 முதல் 50 வரை போதும். கீரைக்கும் நாற்றுமேடைக்கும் 50. அந்தூரியம், ஓர்க்கிட் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே 75 பொருந்தும். வெண்டிக்கும் பயிற்றைக்கும் கத்தரிக்கும் நெற் கட்டுவது காசைக் கரைக்கிற வேலை; வேரில் ஈரம் இருந்தால் அவை வெயிலைத் தாங்கும். 80 வீத நெற்றுக்கு அடியில் மிளகாய் வைத்தால் கணு கணுவாக நீண்டு, இலை பெருத்து வெளிறும், பூ உதிரும். அதை வெக்கையால் வந்தது என்று நினைத்து இன்னொரு மடிப்புப் போடுகிறவர்களும் உண்டு.

கடைக்காரர் சொல்கிற வீதத்தை நம்பத் தேவையில்லை. போனில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். உச்சி வெயில் ஒரு இலட்சம் லக்ஸ் அளவில் இருக்கும், பல போன்கள் அதில் திணறும். ஆகவே சென்சருக்கு மேல் வெள்ளைத் தாளை வைத்து ஒரு முறை அளந்து, அதே தாளோடு நெற்றைப் பிடித்து மறுமுறை அளவுங்கள். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்குக் கிட்ட இருந்தால் அது 50 வீதம்.

அடுத்து, வெட்டிய ஓரத்தில் ஒரு இழையை நகத்தால் பிடித்து இழுங்கள். நெசவு வகை என்றால் இழை முழுசாகக் கழன்று கையோடு வரும், பின்னல் வகை இறுகி நிற்கும். கடை வாசலில் வெயிலில் கிடக்கிற றோல் இருந்தால் அதன் வெளிச்சுற்றைக் கசக்கிப் பாருங்கள். விரலில் தூள் ஒட்டினால், இழை முறிந்தால், வெயில் தாங்க அதில் ஒன்றும் சேர்க்கவில்லை என்று அர்த்தம். உள்ளே அடுக்கி வைத்திருக்கும் அதே சரக்கும் அப்படித்தான் போகும்.

இனி காற்று. விலையையும் வீதத்தையும் விட இங்கே கவனிக்க வேண்டியது இதைத்தான். சித்திரையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும்போது கூரை நெற் நன்றாக உதவும். வைகாசி கடந்து கச்சான் எழும்பினால் கதை வேறு. காய்ந்த தரைக்கு மேலால் தென்மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்று, வேர் உறிஞ்சுகிற வேகத்தை விட வேகமாக இலையின் நீரை இழுத்துவிடும். மண் ஈரமாகவே இருக்க, பகல் பதினொரு மணிக்கே மிளகாய் வாடித் தொங்குவது அதனால்தான். மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். கூரை நெற் மட்டும் இதை நிறுத்தாது. அதே 50 வீத நெற்றைத் தெற்கு, மேற்குப் பக்கங்களில் திரையாகத் தொங்கவிட வேண்டும். பாதி துவாரம் உள்ள தடுப்புக் காற்றை வடித்து மெதுவாக்கும். தகரமோ பொலித்தீனோ அடைத்தால் காற்று அதன் மேலால் ஏறி, பின்பக்கம் சுழன்று விழுந்து செடியை அடிக்கும்.

பத்தடிக்கு இருபதடிப் பாத்திக்குக் கணக்கு இது. ஒன்பதரை அடிக் கம்பங்கள் ஆறு, நீளப் பக்கம் பத்தடிக்கு ஒன்றாக. இரண்டரை அடி மண்ணுக்குள், ஏழடி வெளியே. நிலாவெளி, உப்புவெளி மணலில் வெறுமனே குழி தோண்டி நட்டால் ஒரு கிழமையில் ஆடும். குழிக்குள் உடைந்த கல்லை இடித்து இறுக்கி, நான்கு மூலைக்கும் இழுகயிறு கொடுங்கள். கிளிசரியாக் கம்பு நட்டால் வேர்விட்டுத் தானே நிற்கும், தழை பசளைக்கு ஆகும். செடியின் நுனிக்கும் நெற்றுக்கும் இடையில் குறைந்தது இரண்டடி வேண்டும். கறுப்பு நெற் தானே சூடேறும் சாமான். செடி மேல் போர்த்தினால் தொட்ட இலை கருகும்.

ஓரம்தான் முதலில் கிழிகிற இடம். நெற்றின் விளிம்பை இரண்டு அங்குலம் மடித்து, மடிப்புக்குள் நைலோன் கயிறு ஓடவிட்டு, அரையடிக்கு ஒரு முடிச்சாகத் தையுங்கள். கரைவலை பொத்துகிற நூலை விட இதற்குப் பொருத்தமான நூல் கிடையாது, அதற்குத் திருகோணமலையில் பஞ்சமும் இல்லை. கட்டுக்கம்பி வேண்டாம். உப்புக்காற்றில் துருப்பிடித்து, காற்றில் ஆடும்போது அரம் மாதிரி இழையை அறுத்துவிடும். கூரைக்கு மூன்றடிக்கு ஒரு கயிறு கீழேயும் அதற்கு நேரே ஒன்று மேலேயும் போட்டு, நெற்றை இடையில் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரவு முழுக்க பட பட என்று அடிக்கும், விடியும்போது நடுவில் பொத்தல்.

நெற்றின் மேல் சுமத்தப்படும் ஒரு குற்றம் அதனுடையதல்ல. அடி இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகினால் அது கிணற்றுத் தண்ணீரின் உப்பாக இருக்கலாம். கடலோரக் கிணறுகளில் ஆவணி வாக்கில் தண்ணீர் இறங்க இறங்க உப்பு ஏறும். வெயில் சுட்டதென்றால் இலையின் நடுவிலோ காயின் வெயில் பார்த்த பக்கத்திலோ வெள்ளையாகத் தாள் போல் ஒரு திட்டு விழும். முதலாவதற்கு எந்த நெற்றும் மருந்தல்ல.

கட்டிய பிறகு பழைய அளவில் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். நிழலில் ஈரம் தேங்கினால் நாற்று அடியழுகிச் சாயும். வெயிலில் கிடந்த குழாயின் முதல் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிடியுங்கள், அது கொதித்திருக்கும். மண்ணுக்கு மேல் மூன்று அங்குலம் வைக்கோல், தண்டை விட்டு இரண்டு விரல் தள்ளி. கறையான் உள்ள வளவில் வைக்கோலுக்குப் பதில் பொச்சு மட்டையைக் கவிழ்த்து அடுக்கலாம்.

கிடுகுப் பந்தல் மலிவு. நாற்றுமேடைக்கு இடைவெளி விட்டு வேய்ந்தால் நெற்றுக்குக் குறைந்ததல்ல. ஆனால் கச்சானில் பறக்கும், காய்ந்தால் தீப்பொறி ஒன்று போதும்.

புரட்டாதி முடிய நெற்றைக் கழற்றிவிட வேண்டும். மாரி மழையில் நனைந்து பாரமாகிக் கம்பத்தையே சாய்க்கும். மப்புக் காலத்தில் நிழலும் சேர்ந்தால் மிளகாய்க் காயில் அழுகல் பிடிக்கும். பகலில் சடாரென்று கழற்ற வேண்டாம். நிழலில் பழகிய இலை ஒரே நாளில் வெந்துபோகும். மப்பான நாளில் பின்னேரம் கழற்றி, உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்துச் சுருட்டி, எலி எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.